வெண்கலப் பதக்கத்தில் ஒரு கப்பல்: தெலியேவுக்கு இது தகுமா?

வாசகர் கேள்வி, 19 செப்டம்பர் 2024

அண்ணாச்சி, போன வாரம் நீங்கள் படம் போட்டிருந்த வெண்கலப் பதக்கத்தைப் பார்த்தேன். "குளிரின் தந்தை" என்று எழுதியிருக்கிறதாமே. குளிர்சாதன இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது கார்ல் ஃபான் லிண்டே. இந்த சார்ல் தெலியே யார்? பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஆளுக்குத் தாங்களே பதக்கம் அடித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. போகட்டும், அது அசலா, சந்தையில் விற்க வார்த்த போலியா? எடைக்குப் போட்டால் என்ன தேறும், கேப்டன்?

20 செப்டம்பர், காலை

கடைசிக் கேள்விக்கு முதல் பதில். சமையலறைத் தராசில் 152 கிராம். குறுக்களவு 68 மி.மீ. பழைய பாத்திரக் கடையில் போட்டால் நூறு ரூபாய்கூடத் தேறாது.

அடுத்து, நான் கேப்டன் இல்லை. கப்பலில் மேல்தட்டு வெயிலைப் பார்த்தவன் அல்ல நான். கீழே இன்ஜின் ரூம் ஆள். அதிலும் ரீஃபர் கப்பல், அதாவது மொத்தக் கப்பலும் ஒரு குளிர்சாதனப் பெட்டி. வாழைப்பழம், ஆப்பிள், இறைச்சி என்று இருபத்தைந்து வருஷம் பிறர் சாப்பாட்டுக்குக் காவல் இருந்துவிட்டு, இப்போது தூத்துக்குடியில் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

பதக்கம் கிடைத்தது ப்யூனஸ் ஐரஸ் நகரில். சான் தெல்மோ என்று ஒரு பகுதி, ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தை கூடும். சோடா பாட்டில், கதவுக் குமிழ், பழைய பொத்தான் எல்லாம் தரையில் பரப்பியிருப்பார்கள். பொத்தான் தட்டுக்குள் இது கிடந்தது. தலைப்பக்கம் ஒரு கிழவர் முகம். பூப்பக்கம் பாய்மரமும் புகைபோக்கியும் சேர்ந்த ஒரு கப்பல், கீழே 1876. கப்பல் படம் என்பதால் எடுத்தேன். விற்றவர் "தெஷியேர், தெஷியேர்" என்று ஏதோ விளக்கினார். அந்த ஊரில் இரட்டை எல் எழுத்தை ஷ மாதிரி சொல்வார்கள் என்று அப்போது தெரியாது. யாரோ ஒரு தெஷியேர் என்று நினைத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினேன்.

1876 என்று போட்டிருப்பதால் அந்த வருஷமே அடித்தது. ஆக, வயது 148. அசல்தான்.

20 செப்டம்பர், இரவு

காலையில் பாதியில் விட்டேன். "முதலில் கண்டுபிடித்தது யார்" என்ற சண்டைக்கு வருகிறேன்.

லிண்டேவும் முதல் ஆள் இல்லை, தெலியேவும் இல்லை. ஈதரை ஆவியாக்கி, அழுத்தி, திரும்பத் திரவமாக்கிக் குளிர் எடுக்கும் இயந்திரத்துக்கு ஜேக்கப் பெர்கின்ஸ் லண்டனில் காப்புரிமை வாங்கியது 1834. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் அபலாச்சிகோலாவில் ஜான் கோரி என்ற டாக்டர், காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்கப் போய் ஐஸ் இயந்திரத்தில் முடித்தார், காப்புரிமை 1851. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஊரில் ஜேம்ஸ் ஹாரிசன் பத்திரிகை ஆசிரியர். அச்செழுத்துகளை ஈதர் ஊற்றிக் கழுவும்போது உலோகம் சில்லிட்டதைக் கவனித்துத்தான் இந்த வழிக்கு வந்தார் என்று சொல்வார்கள். பிரான்சிலேயே ஃபெர்டினாண்ட் கரே 1859ல் அமோனியாவை நீரில் கரைத்துச் சூடேற்றும் வேறொரு முறையைக் கொண்டுவந்துவிட்டார்.

உங்கள் லிண்டே 1870களில் வருகிறார், மியூனிக் பீர் ஆலைகளுக்காக. அவர் முதலில் செய்த இயந்திரத்தில் ஓடியது அமோனியா இல்லை, மெத்தில் ஈதர். அதே மெத்தில் ஈதரைத்தான் தெலியே பாரிஸில் 1860களிலேயே கையாண்டுகொண்டிருந்தார். இதை உங்கள் கல்லூரியில் சொல்லியிருக்க மாட்டார்கள், எங்களுக்கும் சொல்லவில்லை.

அப்படியென்றால் பதக்கம் எதற்கு? ஒரு பயணத்துக்கு. பழைய நீராவிக் கப்பல் ஒன்றை வாங்கி, இயந்திரங்களை ஏற்றி, "லெ ஃப்ரிகோரிஃபிக்" என்று பெயர் மாற்றி, பிரான்சின் ரூவான் துறைமுகத்திலிருந்து பச்சை இறைச்சியோடு ப்யூனஸ் ஐரஸுக்குப் போனார்கள். உப்புப் போடவில்லை, உலர்த்தவில்லை, டப்பாவில் அடைக்கவில்லை. பூமத்திய ரேகையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்து, அங்கே சமைத்துச் சாப்பிட்டார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் பதக்கம் கரேவுக்குத்தான் போயிருக்க வேண்டும். தெலியே இறைச்சியைப் பூஜ்யம் டிகிரியை ஒட்டி வைத்திருந்தார், அவ்வளவுதான். அடுத்த வருஷமே கரேவின் இயந்திரம் பொருத்திய "பராகுவே" கப்பல், அர்ஜென்டினாவிலிருந்து இறைச்சியைக் கல்லாக உறையவைத்து ஏற்றியது. வழியில் வேறொரு கப்பலோடு மோதி, மாதக்கணக்கில் தாமதம். அப்படியும் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இறக்கியபோது இறைச்சி கெடவில்லை. எது பெரிய காரியம்?

21 செப்டம்பர்

நேற்று எழுதியபோது கவனிக்கவே இல்லை. ஃப்ரிகோரிஃபிக் ரூவானை விட்டுக் கிளம்பியது 1876 செப்டம்பர் 20. சரியாக அதே தேதியில் உட்கார்ந்து கரேவுக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறேன். கிழவர் பதக்கத்துக்குள் முறைத்திருப்பார்.

இன்னொன்று. பல இடங்களில் "105 நாள் பயணம்" என்று எழுதுகிறார்கள். போய்ச் சேர்ந்தது டிசம்பர் 25 என்றும் அவர்களே எழுதுகிறார்கள். விரல்விட்டு எண்ணுங்கள்: செப்டம்பரில் 10, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 25. மொத்தம் 96. கப்பல்காரன் தேதியைத்தான் நம்புவான்.

23 செப்டம்பர்

மெத்தில் ஈதர் என்றால் என்ன, ஏன் அது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இந்த இடம் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளும்.

பெர்கின்ஸும் ஹாரிசனும் பயன்படுத்தியது சாதா ஈதர், மயக்க மருந்து ஈதர். அது கொதிப்பது 35 டிகிரியில். அதை வைத்துப் பூஜ்யத்துக்குக் கீழே குளிர் வேண்டுமென்றால் ஆவியாகும் பக்கத்தை வெற்றிடமாக்க வேண்டும். வெற்றிடம் என்றால் எங்கே ஒரு மூட்டு லூஸானாலும் வெளிக்காற்று உள்ளே புகும். ஈதரும் காற்றும் ஒரே குழாய்க்குள் கலந்து, அதை ஒரு பம்பு அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மெத்தில் ஈதர் கொதிப்பது மைனஸ் 25 டிகிரியில். உள்ளே எப்போதும் வெளிக்காற்றைவிட அழுத்தம் அதிகம். மூட்டு விட்டுப்போனால் வாயு வெளியே வரும், காற்று உள்ளே போகாது. வாசனை வந்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடலாம்.

சரி, அமோனியா இன்னும் கீழே, மைனஸ் 33ல் கொதிக்குமே, அதையே வைத்திருக்கலாமே? வைக்கலாம். ஆனால் வெப்பக் கடலில் குளிர்விக்கும் நீரே 30 டிகிரி தொடும். அந்தச் சூட்டில் அமோனியா கிட்டத்தட்ட 12 பார் அழுத்தத்துக்கு ஏறும் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் ஒரு பார்). மெத்தில் ஈதர் 7 பாருக்குள் நிற்கும். இன்றைக்கு 12 பார் ஒன்றுமே இல்லை. ஆனால் 1876ல், ஆடுகிற கப்பலில், அந்தக் காலத்துக் குழாயும் மூட்டும் கேஸ்கெட்டும்! அந்த 5 பார் வித்தியாசத்தில் அந்தாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நானாக இருந்தாலும் 7ஐத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

தீப்பிடிக்கும் வாயு அது, மறந்துவிடாதீர்கள். அதே கப்பலில் கொதிகலனுக்கு நிலக்கரியை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

24 செப்டம்பர்

மைத்துனர் தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரேயிலும் இந்த மெத்தில் ஈதர்தானா என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், ஸ்ப்ரே டப்பாக்களில் இப்போது உந்துவாயுவாக அடைப்பதும் அதேதான். உங்கள் மைத்துனர் தலைக்கு அடித்துக்கொள்வதில் இருக்கிறதா என்று டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம்.

28 செப்டம்பர்

அசலா போலியா என்பதற்கு இன்று உட்கார்ந்தேன். வாட்ச் ரிப்பேர் கடையிலிருந்து பத்து மடங்கு லென்ஸ் இரவல் வாங்கினேன்.

வார்த்த பதக்கம் என்றால் தளத்தில் ஊசி குத்திய மாதிரி சின்னக் குழிகள் இருக்கும், எழுத்தின் அடி மழுங்கியிருக்கும், ஓரத்தில் அரம் போட்ட கோடு தெரியும். இதில் அப்படி எதுவும் இல்லை. எழுத்துகள் தளத்திலிருந்து செங்குத்தாக எழும்புகின்றன. கப்பலின் கயிறுகள், தலைமுடி கனத்தில், ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. இது எஃகு அச்சில் வைத்து அடித்தது.

இந்த மாதிரிப் பெரிய பதக்கம் ஒரே அடியில் வராது. சிற்பி முதலில் ஒரு தட்டு அளவுக்குப் பெரிதாக மாதிரி செய்வார். ஒரு இயந்திரம் அதன் மேட்டையும் பள்ளத்தையும் தடவிக்கொண்டே போய், சின்ன அளவில் எஃகில் வெட்டும். அப்புறம் வெண்கல வில்லையை வைத்து அடித்து, இறுகிப்போனதும் உலையில் சூடாக்கி இளக்கி, மறுபடி அடித்து, மறுபடி சூடாக்கி, உருவம் முழுசாக ஏறும்வரை இப்படியே. கடைசியில் மருந்து போட்டு மேலே பழுப்பு ஏற்றுவார்கள். சாக்லேட் நிறம். அந்தப் பழுப்புதான் முகத்துக்கு நிழல் கொடுக்கும். அது அழுக்கு அல்ல, அலங்காரம்.

ஓரத்தில் முத்திரை இருக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். என்னுடையதில் ஓரம் முழுக்கக் கருப்புக் களிம்பு. எத்தனை வருஷம் பொத்தான்களோடு கிடந்ததோ. நகத்தால் சுரண்டினேன், ஒன்றும் தெரியவில்லை. மேலே கை வைக்க மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

2 அக்டோபர்

"நம் ஊர்ப் பக்கம் இதற்கு ஏதாவது தொடர்பு உண்டா?" தெலியேவுக்கு இல்லை. ஆனால் குளிரைக் கப்பலில் கொண்டுபோகும் யோசனைக்கு உண்டு.

திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் தெரியுமே, பிறகு 1897ல் விவேகானந்தர் தங்கிய வீடு. பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் ட்யூடர், பனிக்காலத்தில் ஏரியில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி கல்கத்தாவுக்கு அனுப்பினார், 1833ல். பின்னால் சென்னைக்கும் வந்தது, அதை வைக்கத்தான் அந்த வட்டக் கட்டடம். இயந்திரமே கிடையாது. உருகியது போக மிச்சம் லாபம். 1874ல் சென்னையிலேயே நீராவியை வைத்து ஐஸ் செய்யும் கம்பெனி வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஐஸ் போய் நூற்றைம்பது வருஷமாகியும் போலீஸ் ஸ்டேஷனுக்கு மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ட்யூடர் ஏற்றியது குளிரை. தெலியே ஏற்றியது குளிர் செய்யும் பட்டறையை. இரண்டு வருஷ வித்தியாசத்தில் இங்கே ஒன்று செத்தது, அங்கே மற்றது பிறந்தது.

5 அக்டோபர்

செப்டம்பர் 20 இரவு எழுதியதில் ஒரு பகுதியை வாபஸ் வாங்குகிறேன். கரே பகுதியை. ரெண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. காரணம் பேரிக்காய்.

எண்பதுகளின் கடைசி. நான் நான்காவது இன்ஜினியர். கம்பெனி பெயர் வேண்டாம். அர்ஜென்டினாவின் தெற்கே சான் அந்தோனியோ எஸ்தே துறைமுகத்தில் பேரிக்காய் ஏற்றி ராட்டர்டாம் போகிறோம். ரியோ நெக்ரோ பள்ளத்தாக்குப் பேரிக்காய், மரப்பெட்டியில். வைக்க வேண்டிய வெப்பநிலை மைனஸ் அரை டிகிரி. பேரிக்காய் உறைவது மைனஸ் ஒன்றரையில். நடுவில் எனக்குக் கொடுக்கப்பட்ட இடம் ஒரு டிகிரி.

பழைய கப்பல். உப்புநீர் குழாய் வழியாகக் குளிர் வரும், விசிறி அதன் மேல் காற்றை ஊதும், வால்வைக் கையால் திருகித்தான் கட்டுப்படுத்த வேண்டும். சரக்கு அறையில் இரண்டு தெர்மாமீட்டர்: ஒன்று உள்ளே போகிற காற்றுக்கு, ஒன்று திரும்பி வருகிற காற்றுக்கு. அதற்கு முந்தைய கப்பலில் நான் பார்த்தது உறைந்த இறைச்சி. அங்கே திரும்பி வருகிற காற்றைப் பார்த்தால் போதும். மைனஸ் 18 கேட்டிருப்பார்கள், 20 ஆனாலும் 22 ஆனாலும் ஒரு நாயும் கேட்காது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் திரும்புகிற காற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பிளஸ் ஒன்றில் நின்றது. இன்னும் கொஞ்சம் திற, இன்னும் கொஞ்சம் திற என்று வால்வைத் திறந்துகொண்டே போனேன். உள்ளே போகிற காற்று மைனஸ் நாலில் ஓடிக்கொண்டிருந்ததை மூன்றாவது நாள்தான் பார்த்தேன்.

காற்று நுழைகிற கம்பித்தட்டுக்குப் பக்கத்து வரிசைப் பெட்டிகளை இரண்டாவது இன்ஜினியர் திறந்தார். பேரிக்காய் கண்ணாடி மாதிரி, உள்ளே பச்சையாக ஒளி ஊடுருவுகிறது. பார்க்க அவ்வளவு அழகு. ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயந்தரத்துக்குள் அது பழுப்பாகிக் கொழகொழவென்று தன் தோலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. ராட்டர்டாம் வரும்வரை அதை எடுத்துப் போட அவர் யாரையும் விடவில்லை.

கல்லாக உறையவைப்பது சுலபம். எவ்வளவு முடியுமோ அவ்வளவு குளிர் கொடு, கதவைச் சாத்து. மோதல் வந்தாலும் மாதக்கணக்கில் தாமதமானாலும் பராகுவே தாங்கியது அதனால்தான். பூஜ்யத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். இந்தப் பக்கம் ஒரு டிகிரி போனால் அழுகும், அந்தப் பக்கம் ஒரு டிகிரி போனால் உறையும். அதை 1876ல், வெப்பமண்டலத்தின் நடுவே, கைவால்வை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஒருவர் செய்திருக்கிறார். நான் மூன்று நாள் செய்ய முடியாமல் அவரைப் பார்த்து "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறேன்.

6 அக்டோபர்

"உறையவைத்தால் கெடாமல் வருகிறதே, பிறகு எதற்கு இந்தப் பூஜ்யம் பிடிவாதம்?" என்கிறார் ஒருவர். சாப்பிடுகிறவர்களைக் கேளுங்கள். மாட்டிறைச்சி மெதுவாக உறைந்தால் உள்ளே ஐஸ் ஊசிகள் வளர்ந்து நாரைக் கிழிக்கும். இளகும்போது சாறு முழுக்க வழிந்து தட்டில் நிற்கும். ஆட்டு இறைச்சிக்கு இது அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் நியூசிலாந்து உறையவைத்த ஆட்டிறைச்சியிலேயே பிழைத்தது. 1882ல் "டனீடின்" என்ற பாய்மரக் கப்பல் 98 நாளில் லண்டன் போனது, கிட்டத்தட்ட 5,000 ஆட்டு உடல்கள், கெட்டுப்போனது என்று தள்ளப்பட்டது ஒன்றே ஒன்று.

அர்ஜென்டினா முதலில் அதே வழியில்தான் போனது. 1883 வாக்கில் பரானா ஆற்றங்கரையில் உறைவிக்கும் ஆலைகள் வந்தன. பிறகு 1900ல், கோமாரி நோய்க்குப் பயந்து, அங்கிருந்து உயிருள்ள மாடு வருவதை இங்கிலாந்து நிறுத்தியது. அப்போதுதான் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில், உறையவிடாமல் மாட்டிறைச்சியை அனுப்பும் வியாபாரம் பிடித்துக்கொண்டது. முதல் உலகப் போருக்கு முன்னால் லண்டன் ஸ்மித்ஃபீல்ட் சந்தையில் அர்ஜென்டினா மாட்டிறைச்சி என்றால் பெரும்பாலும் அதுதான். கரேவின் வழி முதலில் காசு பார்த்தது, தெலியேவின் வழி முப்பது வருஷம் கழித்துப் பார்த்தது.

அந்த நாட்டில் இறைச்சி ஆலைக்கே பெயர் "ஃப்ரிகோரிஃபிகோ". தெலியேவின் கப்பலுக்கு வைத்த அதே சொல்தான்.

7 அக்டோபர்

"ஒரு நாயும் கேட்காது" என்று எழுதியது பிடிக்கவில்லை என்று தனிச்செய்தி. சரி, ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

12 அக்டோபர்

நேற்று ஆயுத பூஜை. வருஷா வருஷம் ஸ்பேனர் செட், கேஜ், பழைய தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். இந்த வருஷம் இந்த இழை ஞாபகத்தில், தெலியேவையும் பக்கத்தில் வைத்தேன். குளிர் வேலைக்கு அவரும் ஆயுதம்தானே என்று.

இன்று காலை எழுந்து பார்த்தால், குத்துவிளக்கு, மணி, சொம்பு, அவற்றோடு பதக்கமும் திண்ணையில் வெயிலில் காய்கிறது. பளபளவென்று. வெள்ளிக்கிழமை வைத்த குங்குமத்தோடு பித்தளைப் பொருள் எதையும் என் வீட்டுக்காரம்மா அப்படியே விட மாட்டாள். புளி கரைத்து, கொஞ்சம் உப்பு, தேங்காய் நார். "எத்தனை வருஷக் களிம்பு, ஒரு தடவைகூடத் தேய்த்ததில்லையா?" என்று என்னிடமே கேட்டாள்.

போன மாதம் நான் எழுதிய "அலங்காரம்" முழுசாகப் போய்விட்டது. கிழவர் முகத்தில் நிழல் இல்லை. கண்ணாடி மாதிரி மின்னுகிறது, கண் எங்கே மூக்கு எங்கே என்று சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சேகரிப்பவர்கள் தயவுசெய்து திட்டாதீர்கள், காலையிலிருந்து நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். மனசுக்குள்தான்.

12 அக்டோபர், மாலை

ஒரு விஷயம்! ஓரத்தைப் பார்த்தேன். கருப்பு போய்விட்டது. எழுத்து தெரிகிறது: ப்ரோன்ஸ். அதன் முன்னால் சின்னதாக ஏதோ ஒரு சின்னம். மண்புழு மாதிரியும் இருக்கிறது, சங்கு மாதிரியும் இருக்கிறது. லென்ஸ் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நாளைக்கு வாங்குகிறேன்.

13 அக்டோபர்

மண்புழு இல்லை. கொம்பு. வாயிலிருந்து பழம் வழியும் வளக்கொம்பு. பாரிஸ் அக்கசாலையின், அதாவது நாணயமும் பதக்கமும் அடிக்கும் இடத்தின், முத்திரை.

அந்த அக்கசாலை பதக்க ஓரத்தில் போட்ட சின்னம் காலத்துக்குக் காலம் மாறியது. 1845 முதல் 1860 வரை சுட்டு விரல் நீட்டிய கை. 1860 முதல் 1880 வரை தேனீ. 1880லிருந்துதான் இந்தக் கொம்பு.

யோசித்துப் பாருங்கள். கப்பல் போன 1876லேயே அடித்திருந்தால் ஓரத்தில் தேனீ இருந்திருக்க வேண்டும். ஆக, முதல் நாள் காலையில் நான் அடித்துவிட்ட "வயது 148, அசல்தான்" தப்பு. அசல்தான், ஆனால் வயது அது இல்லை. பூப்பக்கத்தில் உள்ள 1876 கப்பலின் வருஷம், பதக்கத்தின் வருஷம் அல்ல. படத்தில் இருக்கும் தேதியைப் பார்த்துப் பதக்கத்துக்கு வயது சொல்வது, காந்தி படம் போட்ட நோட்டைக் காந்தி காலத்து நோட்டு என்று சொல்வது போல.

"குளிரின் தந்தை" என்ற பட்டமும் அதற்குத்தான் இடிக்கிறது. 1908ல் பாரிஸில் முதல் சர்வதேசக் குளிர்சாதன மாநாடு நடந்தது. அங்கேதான் கிழவரை அப்படிக் கூப்பிட்டுக் கௌரவித்தார்கள். கப்பல் போய் 32 வருஷம் கழித்து. அவருக்கு அப்போது எண்பது.

களிம்போடு இருந்திருந்தால் இந்த இழை முடியும்வரை நான் 1876 என்றே சாதித்திருப்பேன். புளிக்கு நன்றி சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

14 அக்டோபர்

வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன். "அப்போ நான் தேய்த்தது நல்லதுதானே" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மத்தியானம் ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது.

19 அக்டோபர்

1913ல் இதே தேதியில் தெலியே பாரிஸில் இறந்தார். 85 வயது. பிறந்தது ஆமியென், அப்பா துணி ஆலைக்காரர். வாழ்க்கை முழுக்கக் குளிருக்காகச் செலவு செய்து, கையில் ஒன்றும் மிஞ்சாமல் போனார். அந்தக் கப்பலே அவர் கையில் நிற்கவில்லை. 1868ல் ஒருமுறை தென் அமெரிக்கா போன கப்பலில் இறைச்சி ஏற்றி, வழியில் இயந்திரம் உடைந்து தோற்றதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வெற்றிக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். 1910ல் தன் கண்டுபிடிப்பின் கதையைத் தானே புத்தகமாக எழுதினார்.

ஹாரிசன் கதையும் வேறு இல்லை. 1873ல் மெல்பர்னிலிருந்து "நார்ஃபோக்" கப்பலில் இறைச்சி அனுப்பினார். ஐஸும் உப்பும் வைத்த தொட்டிகள் ஒழுகி, லண்டன் சேரும்முன் எல்லாம் கெட்டு, ஆள் நொடித்துப்போனார். இன்று ஆஸ்திரேலியாவில் இந்தத் துறையில் கொடுக்கும் பெரிய பதக்கத்துக்கு அவர் பெயர். கோரி 1855ல் ஏழையாகச் செத்தார், 1914ல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் சிலை வைத்தார்கள். லிண்டே மட்டும் பீர்க்காரர்களைப் பிடித்துப் பிழைத்துக்கொண்டார். முதலில் கேட்டவருக்கு: உங்கள் ஆள் விவரமானவர்தான்.

3 நவம்பர்

ஐயாயிரம் தருகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புளி போட்டுத் தேய்த்தது என்று தெரிந்துமா? விற்பதற்கில்லை. பேத்தி அதைக் கோலப்பொடி டப்பாவுக்கு மூடியாக வைத்திருக்கிறாள். கச்சிதமாகப் பொருந்துகிறது, கப்பல் பக்கம் மேலே.

25 டிசம்பர்

கப்பல் ப்யூனஸ் ஐரஸ் சேர்ந்த நாள். டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தூத்துக்குடி உப்புக்காற்று வேலையை ஆரம்பித்துவிட்டது. பாய்மரத்தடியில் பழுப்பு ஏறுகிறது, கயிறுகள் மறுபடி கண்ணுக்குத் தெரிகின்றன. புகைபோக்கிமேல் மட்டும் ஒரு சின்ன வட்டம், ரேகை ரேகையாக, மற்ற இடத்தைவிடக் கருப்பு. பேத்தி மூடியை அழுத்துகிற கட்டைவிரல்.